கச்சானுக்கு ஒரு வளைவு, வாடைக்கு ஒரு வளைவு

போன கிழமை சாம்பல்தீவிலிருந்து ஒரு பெடியன் போன் எடுத்தான். ஏ.எல். எழுதிவிட்டு இருக்கிறான். "அண்ணா, பேஸ் கிட்டார் ஒண்டு வாங்கப்போறன். எது நல்லம்?" என்று கேட்டான். கேள்வி அவ்வளவுதான். பதில் சொல்லி முடிக்க ஒன்றேகால் மணித்தியாலம் போனது. போனை வைத்ததும் பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மனுசி, "இதையெல்லாம் அப்ப உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?" என்று கேட்டா. சொல்லவில்லை. திருகோணமலையில் கிட்டார் வாசிக்கிறவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள். பேஸ், அதாவது அடி ஒலி கொடுக்கிற நாலு கம்பிக் கிட்டார், வாசிக்கிறவர்களைத் தேடிப் பிடிக்கவேண்டும், பிடித்தாலும் அவர்கள் வாசிப்பதைப் பற்றித்தான் கதைப்பார்கள், சாமானைப் பற்றிக் கதைக்கமாட்டார்கள். எனக்குச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் பதினாலு மாதமும் 155,500 ரூபாவும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு திருக்கடலூரில். வாசலில் நின்றால் கடல் தெரியும். யன்னல் கம்பிக்கு வருடாவருடம் பெயின்ற் அடித்தாலும் கறள் வெடித்துக்கொண்டு வெளியே வரும். இந்த விபரம் கதைக்குத் தேவை, பிறகு விளங்கும். பகலில் கணக்கெழுதும் வேலை, சனி ஞாயிறில் ஒரு சின்ன இசைக்குழு. பத்து வருடமாக அதில் றிதம் கிட்டார்தான் வாசித்தேன். எங்கள் பேஸ்காரர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனபோது தன் பேஸையும் கொண்டு போய்விட்டார். "நாலு கம்பிதானே, நீயே வாசி" என்று மற்றவர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் நாலு கம்பிதானே என்றுதான் நினைத்தேன். இளையராஜா பாட்டுக்களில் சசிதரன் வாசித்ததையும், ரஹ்மான் பாட்டுக்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் போனில் போட்டுக் கேட்டுப் பழகத் தொடங்கினேன். ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன், போன் ஸ்பீக்கரில் பேஸின் அடி ஒலி வரவே வராது. பேஸின் தடித்த ஈ கம்பி 41 ஹேர்ட்ஸில் அதிரும். போனில் இருக்கும் நகத்தளவு ஸ்பீக்கர் அதன் மேல் ஒலிகளை மட்டும் கொடுக்கும், மிச்சத்தை நம் மூளை ஊகித்துக்கொள்ளும். இயர்போன் போட்ட அன்றுதான் அந்தப் பாட்டுக்களுக்குள் இன்னொரு பாட்டு ஓடுவது கேட்டது. அந்த நாளே பேஸ் விசர் பிடித்துவிட்டது.

2023 ஆவணியில் வாங்க வெளிக்கிட்டேன். முந்தின வருடம்தான் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போயிருந்தது. புதுச் சாமான் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. பழசுதான் என்று முடிவெடுத்து விளம்பரம் விளம்பரமாகப் பார்த்து ஒன்றைப் பிடித்தேன். ஃபென்டர் கம்பனியின் ஜாஸ் பேஸ் வடிவத்தில் செய்த ஒரு கொப்பி, மண்ணிற உடம்பு, படத்தில் பார்க்க அம்மன் மாதிரி இருந்தது. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து புறநகரில் ஒரு வீடு. விற்றவர் ஏசி அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கையில் தந்தார். சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பெட்டியான அம்ப் இல்லை. கட்டிலில் இருந்து முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) ஒரு பைலா அடித்துப் பார்த்தேன். கம்பிகள் தாழ்வாக, விரல் வைத்தால் வெண்ணெய் மாதிரி. 90,000 சொன்னார், 82,000க்கு முடிந்தது. ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. திரும்பும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஹபரணையில் தேத்தண்ணிக்குக்கூட இறங்காமல் வந்தேன்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் நான் செய்யாதவற்றை இப்போது சொல்கிறேன், பழசு வாங்கப் போகிறவர்கள் இதை மட்டுமாவது வாசியுங்கள். பேஸின் நெக்கை, அதாவது கம்பிகள் மேலே ஓடுகிற நீளக் கழுத்தை, பார்க்க வேண்டும். தச்சர் பலகை நேரா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பாரே, அதேமாதிரி தலைப் பக்கத்திலிருந்து உடம்புப் பக்கம் பார்க்க வேண்டும். முன்பக்கம் ஒரு துளி வளைந்திருந்தால் நல்லது, அப்படித்தான் இருக்கவேண்டும். ஒரு பக்கம் முறுக்கியிருந்தால் எழும்பி வாருங்கள், முறுக்கை நிமிர்த்தும் ஆள் இங்கே இல்லை. பிறகு தலையில் இரண்டு சின்ன ஸ்குரூ போட்ட பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும், சிலவற்றில் அது இல்லாமல் உடம்பு சேரும் இடத்தில் ஓட்டை இருக்கும். அதற்குள் இருப்பது ட்ரஸ் ரொட்டின் மரை. நெக்கின் உள்ளே நீளத்துக்கு ஓடும் இரும்புக் கம்பி அது. நாலு கம்பிகளும் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய 80 கிலோ பலத்தோடு எந்நேரமும் முன்னால் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றரை மூட்டை அரிசியின் பாரம். அதற்கு எதிராக இழுத்துப் பிடிப்பதுதான் இந்த ரொட். மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். எல் கீயை நீங்களே கொண்டு போங்கள், 4 மில்லியும் 5 மில்லியும் இருந்தால் அனேகமான கொப்பிகளுக்குப் போதும். கால் சுற்று தளர்த்தி, திரும்பக் கால் சுற்று இறுக்கிப் பார்க்க வேண்டும். மேலும் இறுக்க இடம் இருக்கிறதா, இல்லை ஏற்கனவே அடியோடு இறுகிவிட்டதா என்பது அந்தக் கைக்கே தெரியும். என்னுடையது அடியோடு இறுகியிருந்தது. இனி ஒரு நூலும் போகாது. அந்த வீட்டில் நாள் முழுக்க ஓடிய ஏசி அறையை உலர்த்தி, நெக்கை நிமிர்த்தி வைத்திருந்தது. நான் வாங்கினது அந்த ஏசிக் காற்றைத்தான்.

இன்னொன்று. நாலு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக ஒரு தடவை அமத்தி அடியுங்கள். எண்பது தொண்ணூறு சத்தம், ஐந்து நிமிட வேலை. மெல்லிய கம்பியில் ஐந்தாம் ஃபிரெட்டிலிருந்து ஏழாம் ஃபிரெட்டுக்குள் ஒரு இடம் மட்டும் சீக்கிரம் அணைந்து போனால் பயப்படத் தேவையில்லை, இந்த வகை நெக் பலவற்றில் அது கூடப் பிறந்தது. வேறு இடங்களில் கம்பி கரகரத்தால் காரணம் கேளுங்கள்.

வந்து ஒரு மாதத்துக்குள் முதலாவது செலவு. எனக்கு அம்ப் இல்லை. குழுவில் லீட் வாசிக்கிற தம்பியின் கிட்டார் அம்பில் குத்தி வாசித்தேன். வீட்டில் மெல்லமாக வாசித்தவரை ஒரு குறையும் இல்லை. பயிற்சி நாளன்று டிரம்ஸ் சத்தத்துக்கு ஈடு கொடுக்க வொலியூமைக் கூட்டினேன். மூன்றாவது பாட்டில் 'பர்ர்' என்று சாரம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். துணி வலையை நீக்கிப் பார்த்தால் ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு ஓரத்தில் கிழிந்து தொங்குகிறது. கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹேர்ட்ஸ், பேஸினது அதற்கு ஒரு ஸ்தாயி கீழே. அவ்வளவு கீழே சத்தம் வரக் கூம்பு முன்னும் பின்னும் நிறையத் தூரம் ஓடவேண்டும், கிட்டார் ஸ்பீக்கர் அதற்குச் செய்யப்பட்டதில்லை. பின்பக்கம் திறந்த பெட்டி என்றால் அதைத் தடுத்துப்பிடிக்கக் காற்றும் இல்லை. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூட வெட்கமாக இருந்தது. புது ஸ்பீக்கர் போட 18,500 ரூபா கொடுத்தேன். அம்ப் வாங்க வசதியில்லாதவர்கள் டிஐ பொக்ஸ் ஒன்றை எடுத்து நேராக மிக்சருக்குக் கொடுங்கள். பேஸின் சத்தத்தை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற ஒரு கையளவு பெட்டிதான் அது. மற்றவர்களின் கிட்டார் அம்பைத் தொடாதீர்கள்.

ஐப்பசி பிறந்ததும் வாடை தொடங்கியது. எங்கள் ஊரில் மழைக்காலம் என்றால் வடகிழக்கிலிருந்து கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நேராக வீட்டுக்குள் கொட்டுகிற காற்று. உப்புப் போத்தல் கட்டிபட்டுவிடும், நெருப்புப்பெட்டி பத்தாது. பேஸும் அதே வீட்டில்தான் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கார்த்திகையில் ஒருநாள் எடுத்து வாசித்தால் கம்பிகள் கைக்கு எட்டாத உயரத்தில் நிற்கின்றன. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பிக்குக் கீழே இரண்டு ரூபாக் குற்றிகளை அடுக்கிப் பார்த்தேன், மூன்று நுழைந்தது. அமத்தினால் சுருதி மேலே ஓடுகிறது. அரை மணித்தியாலம் வாசித்தால் இடது கை மணிக்கட்டு கொதிக்கும்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது எனக்கு நெக் என்ற எண்ணமே வரவில்லை. சத்தம் சரியில்லை என்றுதான் நினைத்தேன். கம்பி பழசாகிவிட்டது என்று 11,000 ரூபாவுக்கு ஒரு செட் மாற்றினேன். ஒன்றரை மாதத்தில் கடற்காற்றில் அதுவும் கறுத்துச் செத்துப்போக, இன்னொரு 11,000. பிறகு இணையத்தில் ஒருவர் வாசிப்பதைப் பார்த்து, அந்தச் சத்தம் வரவேண்டும் என்று 34,000 ரூபாவுக்கு ஒரு பிரிஅம்ப் பெடல், சத்தத்தின் குணத்தை மாற்றுகிற கால்மிதிப் பெட்டி, எடுப்பித்தேன். பெடல் நல்ல பெடல், குறை சொல்ல ஒன்றுமில்லை. கால் வலிக்குக் கண்ணாடி போட்ட மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான். பிறகு 20,000க்கு விற்றேன். வாசிக்கக் கஷ்டமாக இருக்கிற பேஸ் காதுக்கும் கெட்டதாகத்தான் கேட்கும். கை பயந்து பயந்து அமத்தும்போது சத்தம் எங்கே வரும்? சத்தத்தைக் குறை சொல்லமுன் கம்பியின் உயரத்தைப் பாருங்கள். இதை ஒருவர் ஒரு வரியில் சொல்லியிருந்தால் எனக்கு 36,000 ரூபா மிஞ்சியிருக்கும்.

தை மாதம் கிட்டார் திருத்துகிறவர் என்று சொல்லி ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊர், பெயர் வேண்டாம். நல்ல மனிதர், ஆர்மோனியம் முதல் மின்சாரத் தாளம் போடுகிற ஒக்டபாட் வரை பார்ப்பார். பேஸை மேசையில் கிடத்தி, மூடியைக் கழற்றி, எல் கீயைப் போட்டுத் திருகினார். அசையவில்லை. "தம்பி, கறள் பிடிச்சிருக்கு, கொஞ்சம் பலமாப் போடவேணும்" என்றவர் எல் கீயில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி இரண்டு கையாலும் இழுத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை, ஈக்கில் முறிந்த மாதிரி. மரை லேசாகச் சுற்றத் தொடங்கியது. அவர், "பாத்தீங்களோ, இளகிட்டுது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். 4,000 ரூபாவும் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கம்பிகளை ஏற்ற ஏற்ற, நெக் வில் மாதிரி வளைந்துகொண்டு வந்தது. ரொட் உள்ளே அறுந்துவிட்டது. அன்றிரவு மனுசிக்குச் சொல்லவில்லை. அறைக்குள் லைட்டைப் போடாமல் கொஞ்சநேரம் இருந்தேன். பிறகு கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி, உடம்பைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

அவரில் முழுப்பிழையும் போட மனம் வரவில்லை. ஏற்கனவே அடியோடு இறுகிய மரையைத்தான் அவர் குழாய் போட்டு இழுத்தார், அதை விற்றவர் எனக்குச் சொல்லவில்லை, நான் அவருக்குச் சொல்லத் தெரியாமல் நின்றேன். ஆனால் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரு தடவையில் திருப்பக்கூடாது. திருப்பிவிட்டு ஒரு நாள் விடவேண்டும், மரம் மெல்லத்தான் அசையும். இறுக்கமுன் கம்பிகளைத் தளர்த்தி, ஒரு ஆள் நெக்கைக் கையால் பின்பக்கம் மெல்ல வளைத்துப் பிடித்துக்கொண்டால் மரைக்குப் பாரம் குறையும். ஒரு ஆள் குழாயைத் தேடுகிறார் என்றால் உங்கள் பேஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிறகு நாலைந்து மாதம் இரவல் வாழ்க்கை. ஒரு நண்பர் தன் அக்டிவ் பேஸைத் தந்தார். அதற்குள் 9 வோல்ட் பற்றரி ஒன்று இருக்கும், வயரைக் குத்தினால் பற்றரி வேலை செய்யத் தொடங்கும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். எனக்குத் தெரியாது. முதல்நாள் இரவு குத்தியபடியே விட்டேன். அடுத்தநாள் கலியாண வீட்டில், பொம்பிளை மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வருகிற நேரம், பேஸ் முதலில் கரகரத்து, பிறகு தொண்டை அடைத்து, பிறகு ஒன்றுமில்லை. 500 ரூபாவும் வராத ஒரு பற்றரி. அக்டிவ் வைத்திருப்பவர்கள் வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றுங்கள், பைக்குள் ஒரு பற்றரி கூடுதலாக இருக்கட்டும். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்ததை எழுதத்தான் கொஞ்சம் தயக்கம், வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. சித்திரையில் நகரத்துக்கு வெளியே ஒரு கோயில் திருவிழா. மேடைக்கு ஜெனரேட்டர். பேஸ் அம்பைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல். சவுண்ட்காரப் பெடியன் ஓடிவந்து, அம்பின் 13 அம்பியர் பிளக்கைக் கழற்றி, எர்த் இல்லாத ஒரு இரண்டு முள் அடப்ரரில் குத்திக் கொடுத்தான். இரைச்சல் நின்றது. "பாருங்கோ அண்ணா, இப்ப கிளீன்" என்றான். நானும் நன்றி சொன்னேன். இரண்டாவது பாட்டில் கூடப்பாட மைக்குக்குக் கிட்டப் போனேன். உதடு மைக் வலையில் பட்டதுதான் தெரியும். மேல் உதட்டில் சம்மட்டியால் அடித்த மாதிரி, பற்களெல்லாம் ஒன்றோடொன்று கிட்டின. கம்பியில் இருந்த விரல்கள் சுருண்டுகொண்டன. பின்னால் விழுந்ததால்தான் கை விட்டுப்போனது. சனம் நான் ஆடுகிறேன் என்று நினைத்துக் கை தட்டியது.

ஏன் நடந்தது என்பதை ஒரு மின்சார வேலைக்காரர்தான் பிறகு விளங்கப்படுத்தினார். பேஸின் கம்பிகள், உடம்பில் அவற்றின் அடி நுனியைப் பிடிக்கிற பிரிட்ஜ் வழியாக, வயர் வழியாக, அம்பின் இரும்புப் பெட்டியோடு தொடுத்திருக்கின்றன. அம்புக்குள் கசியும் மின்சாரம் எர்த் இருந்தால் நிலத்துக்குப் போகும். எர்த்தை அறுத்தால் அது கம்பியில் வந்து காத்திருக்கும். மைக் வேறு வழியால் மிக்சரின் எர்த்தோடு நிற்கிறது. இடையில் பாலமாக நின்றது என் உதடும் கையும். இங்கே வருவது 230 வோல்ட், விளையாட்டில்லை. 1972இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சீ நகரத்தில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார்காரர் மேடையில் மைக்கைத் தொட்டு இப்படித்தான் செத்துப்போனார் என்று பிறகு வாசித்தபோது, எனக்கு இரண்டு நாள் நித்திரை வரவில்லை.

ஆகவே இரைச்சலைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும். கம்பியில் கை வைத்தால் இரைச்சல் குறைகிறதா? அது சாதாரணம், நம் உடம்பு வாங்குகிற இரைச்சல் கம்பி வழியாக எர்த்துக்குப் போகிறது. கை வைத்தும் நிற்காத 'ம்ம்' என்றால் அது ஒற்றைச் சுருள் பிக்அப்புக்கு (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற காந்தச் சுருள்) இருக்கிற குணம். ஜாஸ் வகையில் இரண்டு பிக்அப்பையும் முழு வொலியூமில் வைத்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது வெட்டிவிடும், ஒன்றைக் குறைத்தால் திரும்ப வரும். அதே கம்பனியின் பிரிசிஷன் என்ற மற்ற வகையில் 1957இலிருந்து பிக்அப்பையே இரண்டு துண்டாகப் பிரித்து அந்தத் தொல்லையை இல்லாமல் செய்துவிட்டார்கள். மேடையில் பெரிய இரைச்சல் வந்தால் டிஐ பொக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டுங்கள். அது சத்தம் போகிற வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், ஆபத்தில்லை. கரண்ட் பிளக்கின் எர்த்தை யாராவது பிரிக்க வந்தால் சண்டை பிடியுங்கள். நான் இப்போது பைக்குள் டெஸ்டர் ஒன்று வைத்திருக்கிறேன், அதோடு ஒரு மல்டிமீட்டரும். மேடையில் ஏறியதும் மீட்டரின் ஒரு முனையைக் கம்பியில், மற்ற முனையை மைக் வலையில் வைப்பேன். முள் அசைந்தால் வாசிக்கமாட்டேன். சவுண்ட்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மைக்குக்கு ஒரு ஸ்பொஞ்ச் தொப்பியும் போட்டுவிடுவேன்.

ஆனியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. கிண்ணியாவில் ஒருவரிடம் பழைய பேஸ் ஒன்று உடம்பு வெடித்துக் கிடக்கிறது, நெக் நல்லதாம் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலில் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். பிறகு பொக்கற்றிலிருந்த எல் கீயை எடுத்துக் கால் சுற்று. இரண்டு பக்கமும் வெண்ணெயாகப் போனது. 15,000 ரூபா. அனேகமான பேஸ்களில் நெக் நாலு ஸ்குரூவில்தான் நிற்கிறது, அதனால் கழற்றி மாற்றலாம், ஆனால் எல்லா நெக்கும் எல்லா உடம்புக்கும் பொருந்தாது, முன்கூட்டி அளந்துகொண்டு போகவேண்டும். என்னுடையது விசிட்டிங் கார்ட் ஒன்றின் தடிப்புக்கு ஆடியது. கார்ட்டையே வெட்டி வைத்து இறுக்கினேன். இப்போதும் அதுதான் உள்ளே இருக்கிறது, ஒரு வேன்காரரின் கார்ட்.

அளவெடுக்கக் கற்றுத் தந்தவர் மோட்டார்சைக்கிள் மெக்கானிக் அண்ணன். தடித்த கம்பியை முதலாம் ஃபிரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃபிரெட்டில் மற்றக் கையாலும் அமத்தினால், அந்தக் கம்பியே நேர் கோல் ஆகிவிடும். நடுவில், ஏழாம் எட்டாம் ஃபிரெட்டில், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளி தெரியவேண்டும். எவ்வளவு என்றால் 0.3 மில்லிமீற்றர் அளவு. கண்ணால் எப்படிப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டு கராஜில் நின்றபோது, அவர் டப்பெட் இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜை விரித்து 0.30 என்று எழுதியிருந்த தகட்டை நீட்டினார். "இதைவிட என்ன வேணும் உனக்கு?" அந்த எண்ணெய் மணக்கிற தகடு இப்போது என் பேஸ் பையில்தான் இருக்கிறது. இடைவெளி கூடினால் மரையை வலஞ்சுழியாகக் கால் சுற்று இறுக்குவேன், இல்லாமல் போனால் இடஞ்சுழியாகத் தளர்த்துவேன்.

ஆடி மாதம் அடுத்த பாடம். இங்கே அது கச்சான் காலம். தென்மேற்குக் காற்று மழையை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, காய்ந்து சுட்டுக்கொண்டு நம் பக்கம் வரும். வாடையில் முன்னால் வளைந்த மரம் கச்சானில் பின்னால் நிமிர்ந்துவிட்டது, கம்பிகள் ஃபிரெட்டில் உரசிக் கரகரத்தன. அதோடு கை ஓரத்தில் கீறியது. மரம் ஒடுங்கி, ஒடுங்காத ஃபிரெட்டின் உலோக முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மெல்லிய அரத்தால் மரத்தில் படாமல் முனைகளை மட்டும் தேய்த்தேன், ஒரு பின்னேரம் போனது. ரொட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். அவ்வளவுதான் மருந்து. பார்க்கப்போனால் வருடத்துக்கு இரண்டு கால் சுற்று, கச்சானுக்கு ஒன்று, வாடைக்கு ஒன்று. அதைத் தெரியாமல்தான் ஒரு நெக்கைக் கொன்றேன். வெளியூர்க்காரர் எழுதிவைத்ததை வாசித்தால் கோடை, குளிர் என்று வேறு கணக்குச் சொல்வார்கள். நம் ஊர்க் கணக்கு கடற்காற்றின் கணக்கு.

உப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். சுவரில் தொங்கவிடுவதை விட்டேன். வாசித்து முடிந்ததும் பழைய சாரத் துண்டால் கம்பிகளின் மேலும் கீழும் துடைத்துப் பைக்குள் போட்டு மூடிவிடுவேன், மருந்துப் போத்தல்களில் வருகிற சிலிக்கா ஜெல் பக்கற்றுகள் பத்துப் பதினைந்து உள்ளே கிடக்கும். பிரிட்ஜில் இருக்கிற குட்டி ஸ்குரூக்களுக்கு ஒரு துளி தையல் மெசின் எண்ணெய், இல்லாவிட்டால் கறள் பிடித்துத் தலை மழுங்கிவிடும், பிறகு கம்பியின் உயரத்தை ஆண்டவனாலும் மாற்ற முடியாது. நெக்குக்குத் தேங்காய் எண்ணெய் பூசச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம், சிக்குப் பிடித்து மணக்கும். கம்பியை மாற்றியதுதான் பெரிய ஆறுதல். சுருள் கம்பியை விட்டு, மேற்பரப்பு மட்டமான பிளாட்வவுண்டுக்குப் போனேன். விலை ஏறத்தாழ இரட்டிப்பு, ஆனால் உப்பும் வியர்வையும் தங்கப் பள்ளம் இல்லை. அமெரிக்காவின் டெட்ரோயிட்டில் மோட்டவுன் கம்பனிக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பிளாட்வவுண்ட்தான் போட்டிருந்தார், அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பது பேஸ்காரர் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் சோம்பலில் செய்தாரோ என்னவோ, எனக்கு இது கடலுக்கு ஏற்ற வழி. பளபளவென்ற உலோகச் சத்தம் பிடித்தவர்களுக்கு இது சரிவராது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

சத்தம் என்று வந்தபின் ஒரு மனக்குறையையும் இறக்கி வைக்கிறேன். வீட்டில் தனியாக இருந்து அடியையும் நுனியையும் கூட்டி, நடுவைக் குறைத்து வைத்தால் சொர்க்கம் மாதிரி இருக்கும். அதே அமைப்போடு மேடையில் ஏறினால் பேஸ் காணாமல் போய்விடும், அதிர்வு மட்டும் நிற்கும், என்ன சுரம் என்று ஒருவருக்கும் தெரியாது. 700, 800 ஹேர்ட்ஸ் பக்கம் நடுவைக் கொஞ்சம் கூட்டினால் தனியே கேட்க அசிங்கமாக இருக்கும், குழுவுக்குள் தெளிவாக நிற்கும். தகரக் கூரை மண்டபத்தில் அடியை இன்னும் குறைக்கவேண்டும், கடற்கரை வெளியில் கூட்டலாம். இவ்வளவும் செய்தும் எங்கள் குழுவில் பேஸ் குழம்பிக்கொண்டே இருந்தது. மாதக்கணக்காகத் தேடியபின்தான் பிடிபட்டது, கீபோட் அண்ணன் இடது கையால் அதே பேஸை வாசித்துக்கொண்டிருக்கிறார்! பேஸ்காரர் இல்லாத காலத்துப் பழக்கம். "அண்ணன், இடது கையைக் கொஞ்சம் மேல வையுங்கோவன்" என்று கேட்டதற்கு ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. இப்போது சரி. செலவில்லாமல் சத்தம் திருந்தியது அந்த ஒரு இடத்தில்தான், அதற்கும் ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுக்கவேண்டியிருந்தது.

பெடியனுக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டு, கையில் இருக்கிற காசை இந்த வரிசையில் செலவழி என்றேன். முதலில் நேரான நெக் உள்ள, பற்றரி இல்லாத பசிவ் பேஸ் ஒன்று, பெயர் எதுவென்றாலும் பரவாயில்லை. பிறகு ஃபீலர் கேஜும் எல் கீயும் மல்டிமீட்டரும். பிறகு டிஐ பொக்ஸ். அம்ப் பெடல் எல்லாம் அடுத்த வருடம். "பிரிசிஷனா ஜாஸா அண்ணா?" என்று திரும்பக் கேட்டான். ஒன்று 1951இல் வந்தது, மற்றது 1960இல் வந்தது, இத்தனை வருடமாக உலகமே சண்டை பிடிக்கிறது, நீயும் நானும் திருகோணமலையில் இருந்து தீர்க்க முடியாது, கைக்கு வருவதை எடு என்றேன்.

இன்று காலையில் கொழும்பில் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தான். பதினொரு மணிபோல நெக்கை நீளவாட்டில் பிடித்து ஒரு படம் அனுப்பினான். நேராகத்தான் தெரிந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தாயா என்று கேட்டேன். விற்பவர் அதைத் தொடவேண்டாம், கொம்பனி சீல் என்கிறாராம். 95,000 சொன்னவர் 70,000க்கு இறங்கிவிட்டாராம், நல்ல வடிவான பேஸ் அண்ணா என்று ஒரு அழுகைப் படமும் போட்டிருந்தான். அறையில் ஏசி ஓடுகிறதா என்று மட்டும் கேட்டேன். கொஞ்சநேரம் பதில் இல்லை. பிறகு, "ஓம் அண்ணா, குளிருது" என்று வந்தது. இப்போது இரவு ஒன்பது மணி. வெறுங்கையோடு பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான், ஹபரணையில் தேத்தண்ணி குடிக்கிறானாம்.